போல்ட் எங்கே நிற்கிறது? பழைய ரைஃபிளின் கோளாறை அறிகுறி வைத்துக் கண்டுபிடிப்பது

சென்னையில் ஒரு பழைய ரைஃபிள் தகராறு செய்தால், இரும்பைக் குறை சொல்வதற்கு முன் காய்ந்துபோன எண்ணெயையும், கடற்காற்றில் வந்த உப்பையும், ஈரம் குடித்த மரத்தையும் பார்க்க வேண்டும். நூறு வருடத்துக்கு முன் செய்த போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளில் எஃகு அவ்வளவு சீக்கிரம் தோற்காது. அதைச் சுற்றி இருப்பவைதான் முதலில் கெடும். ஆனால் பலரும் முதலில் கையில் எடுப்பது அரத்தை. அரம் தேய்த்த எஃகை யாராலும் திரும்ப ஒட்டவைக்க முடியாது.

இங்கே பேசுவது முக்கியமாக லீ என்ஃபீல்ட் குடும்பத்தைப் பற்றி. ‘த்ரீ நாட் த்ரீ’ என்று சொன்னால் நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. போலீஸ்காரர் தோளிலும் என்.சி.சி. அணிவகுப்பிலும் பார்த்து வளர்ந்த ரைஃபிள் அது. .303 அளவு பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்டது என்பதால், உரிமம் உள்ளவர்களிடம் பெரும்பாலும் இருப்பது அதே அமைப்பில் நம் அரசுத் தொழிற்சாலை செய்த .315 ஸ்போர்ட்டிங் ரைஃபிள். இரண்டிலும் போல்ட்டும் மேகசினும் வேலை செய்யும் விதம் ஒன்றுதான். பழைய ஜமீன் வீடுகளிலிருந்து வரும் மௌசர் வகை வேட்டை ரைஃபிள்கள் மாறுபடும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே தெளிவாக்கிவிடலாம். உரிமம் உள்ளவர் தன் ரைஃபிளைத் துடைக்கலாம், கவனிக்கலாம், கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்கலாம். பாகம் மாற்றுவதும் அரம் போடுவதும் உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரின் வேலை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் பழுது பார்ப்பதற்கே தனி உரிமம் கேட்கிறது. தாத்தாவின் பீரோவில் உரிமம் இல்லாத ரைஃபிள் ஒன்று கிடைத்தால், அதன் கோளாறைப் பற்றி யோசிப்பதெல்லாம் அப்புறம். முதலில் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லி ஒப்படைக்க வேண்டும். உரிமம் கேட்டு விண்ணப்பிப்பது அதற்கு அடுத்த படி. சென்னை மாநகரில் அந்த உரிமம் கொடுக்கும் அதிகாரம் போலீஸ் கமிஷனருக்கு. குழலிலோ மரத்திலோ ‘டி.பி.’ என்று முத்திரை இருந்தால் அது அணிவகுப்புப் பயிற்சிக்காக ஒதுக்கிய ரைஃபிள். அதில் எந்தக் காலத்திலும் சுட முயலக் கூடாது.

உள்ளே என்ன நடக்கிறது

போல்ட் என்பது கதவுத் தாழ்ப்பாள் மாதிரிதான்: முன்னால் தள்ளிக் கைப்பிடியைக் கீழே மடக்கினால் பூட்டிக்கொள்ளும், தூக்கிப் பின்னால் இழுத்தால் திறக்கும். ஆனால் இந்த ஒரே அசைவுக்குள் ஆறு வேலைகள் வரிசையாக நடக்கின்றன. போல்ட் முன்னே போகும்போது தோட்டாப் பெட்டியான மேகசினின் மேல் தோட்டாவை விளிம்பில் பிடித்துத் தள்ளிக் குழலின் பின்பக்க அறைக்குள், அதாவது சேம்பருக்குள் ஏற்றுகிறது. கைப்பிடி மடங்கும்போது போல்ட்டின் பற்கள் ரைஃபிளின் உடலில் உள்ள பள்ளங்களில் போய்ப் பூட்டிக்கொள்கின்றன. ட்ரிக்கரை இழுத்ததும் போல்ட்டுக்குள் இருக்கும் ஊசியான ஸ்ட்ரைக்கர் பாய்ந்து, தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் குமிழைக் குத்துகிறது. பிறகு கைப்பிடியைத் தூக்கும்போது, போல்ட் ஒரு சாய்வில் ஏறிக் கொஞ்சம் பின்வாங்கி, சூட்டில் ஒட்டியிருக்கும் காலித் தோட்டாவை முதலில் அசைத்து விடுகிறது. அதன் பிறகு எக்ஸ்ட்ராக்டர் கொக்கி அதை வெளியே இழுக்கிறது. கடைசியில் இடது சுவரில் இருக்கும் ஒரு சிறிய திருகு அதைத் தட்டி வலது பக்கம் தூக்கிப் போடுகிறது.

ஸ்காட்லாந்தில் பிறந்த ஜேம்ஸ் பாரிஸ் லீ என்பவரின் அமைப்பு இது. 1888இல் லீ மெட்ஃபோர்ட் என்ற பெயரில் பிரிட்டிஷ் ராணுவத்துக்குள் வந்தது. 1895இல் குழலின் உள்வரிகளை மாற்றி லீ என்ஃபீல்ட் ஆனது. நம் ஊரில் அதிகம் பார்க்கும் மூன்றாம் மார்க் மாடல் 1907இல் வந்தது. வங்காளத்தின் இஷாப்பூர் தொழிற்சாலையிலும் அதைச் செய்தார்கள்.

இதன் மூன்று குணங்களை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் கோளாறுகள் தாமாகப் புரியும். பூட்டும் பற்கள் போல்ட்டின் பின்பகுதியில் இருக்கின்றன. மௌசரில் அவை முன்பகுதியில். போல்ட்டின் தலை மரையில் திருகப்பட்ட தனிப் பாகம். மூன்றாவது, ஸ்ட்ரைக்கரின் ஸ்பிரிங் இறுகுவது போல்ட்டை மூடும்போது. 1898ஆம் ஆண்டு மௌசரில் அது திறக்கும்போதே இறுகிவிடும். லீ போல்ட்டின் கைப்பிடியை ஏறத்தாழ 60 டிகிரி தூக்கினால் போதும், மௌசருக்கு 90 வேண்டும். முதல் உலகப் போருக்கு முந்தைய பிரிட்டிஷ் சிப்பாயிடம் நிமிடத்துக்கு 15 குறி பார்த்த சூடு எதிர்பார்த்தார்கள் என்றால் இந்த வழவழப்பான ஓட்டம்தான் காரணம். ஆகவே ஒழுங்காக இருக்கும் லீ போல்ட் கையில் கனக்கக் கூடாது. எந்த இடத்தில் கனக்கிறதோ அங்கேதான் கோளாறு.

எதைத் தொடும் முன்பும் மேகசினைக் கழற்றி, போல்ட்டைத் திறந்து, சேம்பரைக் கண்ணால் பார்த்து, சுண்டுவிரலாலும் தடவிப் பார்க்க வேண்டும். சோதனை முழுவதும் மருந்தும் குமிழும் இல்லாத டம்மி தோட்டாவில்தான். உயிர்த் தோட்டா அந்த அறைக்குள்ளேயே இருக்கக் கூடாது.

போல்ட் அசையவே மாட்டேன் என்கிறது

பயந்துபோய்ச் சுத்தியலைத் தேடாதீர்கள். பின்னால் துருத்தி நிற்கும், ஸ்ட்ரைக்கரின் பின்முனையான காக்கிங் பீஸைப் பாருங்கள். அது முழுக்க முன்னாலும் இல்லாமல் முழுக்கப் பின்னாலும் இல்லாமல் நடுவில் நின்றால், ரைஃபிள் அரைக் காக்கில் இருக்கிறது. அந்த நிலையில் போல்ட்டும் ட்ரிக்கரும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும்படிதான் செய்திருக்கிறார்கள். குழலைப் பத்திரமான திசையில் வைத்து, காக்கிங் பீஸைக் கையால் முழுக்கப் பின்னால் இழுத்துவிட்டால் விடுபடும்.

நடுவில் இல்லையென்றால் இடது பக்கத்து சேஃப்டியைப் பாருங்கள். பின்னால் மடங்கியிருந்தால் பூட்டு, முன்னால் இருந்தால் திறப்பு. யாராவது அதைக் கழற்றி மாட்டியிருந்தால் சிக்கல் வேறு மாதிரி வரும். சேஃப்டியின் இரண்டு துண்டுகளையும் சேர்க்கும் மரைக்குப் பல தொடக்கங்கள் உண்டு. பல விதமாக மாட்டலாம், ஒன்று மட்டுமே சரி. தப்பான தொடக்கத்தில் மாட்டினால் நெம்புகோல் முழுக்கத் திரும்பாது, அல்லது திரும்பியும் பூட்டாது.

இரண்டும் சரி, ஆனாலும் போல்ட் பிசுபிசுவென்று நகர்கிறதா? என்ன எண்ணெய் போட்டார்கள் என்று கேளுங்கள். வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெய் போடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அது நாளாக ஆகப் பிசினாகிவிடும். போதாததற்கு 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும். மார்கழி விடியலில் சென்னையே அதற்குக் கீழே இறங்கிவிடுகிறது. தையல் மெஷின் எண்ணெய் எவ்வளவோ மேல், அதுவும் ஒரு சொட்டு தடவித் துடைத்த அளவுதான்.

மேகசின் நிறைய தோட்டா, போல்ட் ஒன்றைக்கூட எடுக்கவில்லை

பழைய மாடல் என்றால் வலது பக்கத்தில் ஒரு தகடு இருக்கிறதா என்று பாருங்கள். மேகசினை மூடிவைத்து ஒவ்வொன்றாகக் கையால் போட்டுச் சுடுவதற்காக வைத்த கட் ஆஃப் அது. உள்ளே தள்ளியிருந்தால் போல்ட் தகட்டின் மேலேயே போய் வரும், தோட்டாவைத் தொடாது. போர்க்காலத்தில், 1916இல், அதை எடுத்துவிட்டார்கள். அதனால் எல்லா ரைஃபிளிலும் இருக்காது.

தகடு இல்லையென்றால் மேகசின் முழுக்க ஏறிப் பூட்டவில்லை, அல்லது அது வேறு ரைஃபிளின் மேகசின். லீயில் மேகசின் கழன்று வரும் என்றாலும், அது சுத்தம் செய்யக் கழற்றுவதற்காகத்தான். ஒவ்வொன்றையும் அந்தந்த ரைஃபிளுக்குப் பொருத்தம் பார்த்துத்தான் மாட்டினார்கள். 1962 போருக்குப் பிறகு இஷாப்பூர் 7.62 தோட்டாவுக்காகச் செய்த 2ஏ, 2ஏ1 ரைஃபிள்கள் வெளிப் பார்வைக்கு அப்படியே த்ரீ நாட் த்ரீ போல இருக்கும். மேகசின் மட்டும் சதுரமான பெட்டி, .303இன் மேகசினில் அடி சரிந்திருக்கும். இரண்டையும் ஒரே அலமாரியில் வைத்திருந்தால் மாறிப்போகும்.

தோட்டா பாதி வழியில் குத்திக்கொண்டு நிற்கிறது

முனை மேலே முட்டுகிறதா, கீழே முட்டுகிறதா, இல்லை முனை நேராக இருந்தும் பின்னால் எதுவோ பிடித்து இழுக்கிறதா? மூன்றுக்கும் காரணம் வேறு.

பின்னால் பிடித்து இழுத்தால் விளிம்புச் சிக்கல். .303, .315 இரண்டிலும் தோட்டாவின் அடியில் விளிம்பு வெளியே துருத்தியிருக்கும். மேகசினில் மேல் தோட்டாவின் விளிம்பு, கீழ்த் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் உட்கார வேண்டும். பின்னால் உட்கார்ந்துவிட்டால் மேலே இருப்பது முன்னே நகரும்போது கீழே இருப்பதையும் கொக்கி போட்டு இழுக்கும். இரண்டும் சேர்ந்து போய் நெரிசல். இதில் ரைஃபிளின் மேல் எந்தத் தப்பும் இல்லை, நிரப்பிய கைதான் காரணம். மேகசினைக் கழற்றிக் காலி செய்து, ஒவ்வொரு தோட்டாவையும் முந்தையதற்குச் சற்று முன்னால் வைத்து அழுத்தி நிரப்பினால் போதும். மௌசரின் தோட்டாவுக்கு வெளியே துருத்தும் விளிம்பு கிடையாது என்பதால் அங்கே இந்தத் தொல்லையே வராது.

முனை கீழே முட்டினால் மேகசினின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். தோட்டாவைத் தாங்கும் மேடை மேலே வரும்போது ஒரு பக்கம் சாய்கிறதா என்று விரலால் அழுத்திப் பாருங்கள். முனை மேலே எகிறினால் மேகசினின் உதடுகள் விரிந்திருக்கும். கீழே போட்ட மேகசினில் இது சகஜம். குறட்டால் நெரித்துச் சரி செய்வதை நான் ஒப்பமாட்டேன். ஒரு நூலளவு அதிகமானால் எதிர்ப்பக்கக் கோளாறு தொடங்கும், பழைய எஃகுத் தகடு இரண்டு மூன்று முறைக்கு மேல் வளைவதும் இல்லை.

தோட்டா உள்ளே போய்விட்டது, கைப்பிடி மடங்கவில்லை

எல்லாவற்றிலும் ஆபத்தானது இது. அழுத்திப் பார்க்கலாம் என்ற எண்ணம் வரும் இடமும் இதுதான்.

உரிமம் பெற்ற ஒரு பழுதுபார்ப்பவரின் மேசைக்கு இப்படி ஒரு .315 வந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். கொண்டுவந்தவர் இளைஞர். “ஐயா, கடைசி அரை இஞ்ச் இறங்கவே மாட்டேங்குது. லேசா தட்டிப் பார்க்கலாமா?” என்றார். பெரியவர் ரைஃபிளை வாங்கி, குழலைச் சுவர்ப் பக்கம் திருப்பிவைத்து, “தட்டாதீங்க தம்பி. உள்ளே ஏதோ இருக்குன்னு அது சொல்லுது. அது என்னன்னு பார்ப்போம்” என்றார். தோட்டாவை எடுத்துவிட்டு, போல்ட்டை முழுக்கத் திறந்து, தலையை விரலால் மேலே நெம்பித் தடத்திலிருந்து விடுவித்து, போல்ட்டை அப்படியே பின்னால் உருவினார். சின்ன டார்ச்சை அடித்தார். சேம்பருக்குள் சுவரோடு சுவராக ஒரு பித்தளை வளையம் மின்னியது. போன முறை சுட்ட தோட்டாவின் அடிப்பகுதி மட்டும் வெளியே வந்திருக்கிறது. முன்பாதி உள்ளேயே தங்கிவிட்டது. புதுத் தோட்டா அதற்குள் எப்படி நுழையும்? உடைந்த தோட்டாவை எடுக்கவென்றே இருக்கும் கருவியை உள்ளே விட்டு, போல்ட்டை மூடித் திறந்தார். துண்டு வந்துவிட்டது.

துண்டு வந்ததோடு விஷயம் முடியவில்லை, ஏன் அறுந்தது என்று பார்க்க வேண்டும். விளிம்புள்ள தோட்டாவில், போல்ட்டின் முகத்துக்கும் குழலின் பின்முகத்துக்கும் நடுவில் விளிம்பு உட்காரும் இடைவெளிதான் எல்லாம். அது அதிகமானால் சுடும்போது பித்தளை நீண்டு, அடிக்குச் சற்று மேலே மெலிந்து, ஒரு நாள் அறுந்துவிடும். சுட்ட காலித் தோட்டாக்களை எடுத்துப் பாருங்கள். அடிக்குச் சற்று மேலே பளபளவென்று ஒரு வளையம் தெரிகிறதா? ஒரு மெல்லிய கம்பியின் நுனியை வளைத்து உள்ளே விட்டு, அந்த இடத்தை உட்புறமாகத் தடவுங்கள். நுனி ஒரு பள்ளத்தில் இடறினால் அடுத்த முறை அறுபடும் என்று அர்த்தம். .303க்கு இந்த இடைவெளியை அளவிகளால் பார்ப்பார்கள்: 0.064 அங்குல அளவியில் போல்ட் மூட வேண்டும், 0.074 அங்குல அளவியில் மூடக் கூடாது. பிற்கால நான்காம் நம்பர் மாடலில் இதைச் சரி செய்ய 0 முதல் 3 வரை எண் போட்ட போல்ட் தலைகளே உண்டு. மாற்றுவது பழுதுபார்ப்பவர் வேலை. கம்பியால் தடவிப் பார்ப்பது உங்கள் வேலை.

உள்ளே துண்டு எதுவும் இல்லை, டார்ச்சில் சேம்பர் சுத்தம் என்றால், போல்ட்டின் தலை முழுக்கத் திருகியிருக்கிறதா என்று பாருங்கள். துடைக்கக் கழற்றியவர் ஒரு சுற்று குறைவாகத் திருகி மாட்டினாலும் போல்ட் மூடாது. அப்புறம் கைப்பிடியின் பின்புறம் உள்ள எண்ணும் உடலில் உள்ள எண்ணும் ஒன்றா? அந்த எண்கள் அழகுக்குப் போட்டதல்ல. பற்கள் இரண்டும் சரிசமமாகத் தாங்கும்படி ஒவ்வொரு போல்ட்டையும் அதன் உடலுக்கென்றே பொருத்தினார்கள். எண் மாறிய போல்ட் மூடினாலும், அளவி வைத்துப் பார்க்காமல் சுடக் கூடாது.

மௌசராக இருந்தால் இன்னொரு காரணம் உண்டு. அதன் நீளக் கொக்கி, தோட்டா மேகசினிலிருந்து மேலே ஏறும்போதே அதைப் பற்றிக்கொள்ளும். தோட்டாவை நேராகச் சேம்பரில் போட்டுவிட்டுப் போல்ட்டைத் தள்ளினால் கொக்கி விளிம்பைத் தாண்ட முடியாமல் நிற்கும். வலுக்கட்டாயமாக மூடினால் கொக்கி உடையும். மேகசின் வழியாகவே ஏற்றுங்கள்.

‘க்ளிக்’ என்ற சத்தம் மட்டும் வருகிறது

சுடும் திடலில் இது நடந்தால் அப்படியே, குழல் குறிப்பக்கம் பார்த்தபடி, ஒரு முழு நிமிடம் அசையாமல் இருக்க வேண்டும். பழைய மருந்து தாமதமாகப் பற்றும். எண்ணிக்கொண்டே இருந்து, அப்புறம் திறங்கள்.

பிறகு அந்தத் தோட்டாவின் குமிழில் விழுந்த குழியைப் பாருங்கள். நடுவில் ஆழமாக விழுந்திருந்தால் ரைஃபிள் தன் வேலையைச் செய்துவிட்டது, கோளாறு தோட்டாவில். அடியில் பொறித்திருக்கும் ஆண்டைப் படித்தால் பல நேரம் விடை அங்கேயே இருக்கும். ‘கே.எஃப்.’ என்று கிர்க்கி தொழிற்சாலையின் முத்திரையோடு பல பதிற்றாண்டுகளுக்கு முந்தைய தோட்டாக்கள், எத்தனை சித்திரை வெயிலைத் தகரப் பெட்டிக்குள் கழித்தனவோ! அவற்றிடம் நம்பகத்தை எதிர்பார்க்க முடியாது.

குழி மேலோட்டமாக இருந்தால் போல்ட்டுக்குள் வர வேண்டும். சென்னையில் முதல் சந்தேகம் பிசின்தான். ஸ்பிரிங்கும் ஸ்ட்ரைக்கரும் போல்ட்டின் குழிக்குள் கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதால், மேலே பளபளவென்று துடைத்த ரைஃபிளிலும் உள்ளே கறுப்புக் களிம்பு அடைத்திருக்கும். போல்ட்டின் தலையைக் கழற்றி, முன்பக்கமாக மண்ணெண்ணெய் விட்டு, குலுக்கி, வடியவிட்டு, மறுபடியும் விட்டால் வருவது தேநீர் நிறத்தில் இருக்கும். தெளிவாக வரும்வரை செய்யுங்கள். உலர்ந்த பிறகு உள்ளே எண்ணெய் ஊற்றாதீர்கள்; நுனி விரலில் ஒட்டிய அளவு போதும். ஸ்ட்ரைக்கரையே கழற்ற அதற்கென்று தனிச் சாவி வேண்டும், அதைக் குறடால் முயல வேண்டாம்.

களிம்பு இல்லையென்றால் கைப்பிடி முழுக்கக் கீழே மடங்கியதா என்று பாருங்கள். பாதி மடங்கிய நிலையில் ட்ரிக்கரை இழுத்தால், காக்கிங் பீஸ் போல்ட்டின் பின்முனைச் சாய்வில் மோதித் தன் வேகத்தை அங்கேயே இழந்துவிடும். பூட்டாத போல்ட்டில் தோட்டா வெடித்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. எல்லாம் சரியென்றால் மிஞ்சுவது ஸ்பிரிங் தளர்ச்சியோ, ஸ்ட்ரைக்கர் முனை போல்ட் முகத்துக்கு வெளியே நீட்டும் அளவு குறைந்ததோதான். லீயில் அது 0.040 அங்குலத்துக்குக் குறையக் கூடாது.

சுட்டபின் கைப்பிடி தூக்கவே கனமாக இருக்கிறது, காலித் தோட்டா வரவில்லை

சேம்பர் அழுக்காக இருக்கலாம், துருக் குழிகள் விழுந்து பித்தளை அவற்றில் போய் அப்பிக்கொண்டிருக்கலாம். ஆனால் இங்கே அதிகம் கவனிக்காத காரணம் ஈரமும் எண்ணெயும். சுடும் நொடியில் பித்தளைக் கூடு விரிந்து சேம்பர் சுவரைக் கெட்டியாகப் பற்றிக்கொள்ள வேண்டும். அந்தப் பிடிப்பு அழுத்தத்தில் ஒரு பங்கைத் தாங்குகிறது. சேம்பரிலோ தோட்டாவிலோ எண்ணெயோ மழைத்தண்ணீரோ இருந்தால் கூடு வழுக்கி, முழு உதையும் போல்ட்டின் மேல் விழும். பற்கள் பின்பக்கம் இருக்கும் லீ அமைப்பில், முகத்துக்கும் பற்களுக்கும் நடுவில் உள்ள நீளம் முழுக்க அந்த உதையைத் தாங்கி நெளிகிறது. ஆகவே ஐப்பசி கார்த்திகை மழை நாளில் திடலுக்குப் போனால் தோட்டாவைத் துணியால் துடைத்துப் போடுங்கள். துரு வராமல் இருக்க சேம்பரில் தடவிய எண்ணெயைச் சுடும் முன் உலரத் துடைத்துவிடுவது கட்டாயம்.

கைப்பிடி லேசாகத் தூக்க வருகிறது, ஆனால் கொக்கி வழுக்கிக்கொண்டு காலித் தோட்டா உள்ளேயே நிற்கிறது என்றால், எக்ஸ்ட்ராக்டரின் நகத்தைப் பாருங்கள். நகத்தின் உள்மூலையில் பித்தளைத் துகள் படிந்து கெட்டியாகியிருக்கும்; தீக்குச்சியின் நுனியைக் கூராக்கிச் சுரண்டினால் போய்விடும். அதன் அடியில் இருக்கும் சிறு வளைந்த ஸ்பிரிங் உடைந்திருந்தால் கொக்கி விரலால் தொட்டாலே ஆடும்.

வெளியே வந்த காலித் தோட்டா எகிறி விழாமல் அங்கேயே கிடக்கிறதென்றால், ஒன்று போல்ட்டை முழுக்கப் பின்னால் இழுக்கவில்லை, அல்லது இடது சுவரின் எஜெக்டர் திருகு தேய்ந்துவிட்டது. அவ்வளவுதான்.

மழைக்காலத்தில் ட்ரிக்கர் வேறு மாதிரி இருக்கிறது

இது கற்பனை அல்ல. லீயின் ட்ரிக்கருக்கு இரண்டு இழுப்பு: முதலில் தளர்வாக ஒரு தூரம், பிறகு ஒரு தடுப்பு, அதைத் தாண்டினால் சூடு. மூன்றாம் மார்க்கில் ட்ரிக்கர் தொங்குவது எஃகு உடலிலிருந்து அல்ல. ட்ரிக்கரைச் சுற்றிக் கீழே உள்ள வளையமான ட்ரிக்கர் கார்டிலிருந்து. கார்டுக்கும் உடலுக்கும் நடுவில் இருப்பது மரம். ஈரத்தில் மரம் உப்பினால் கார்டு கீழே தள்ளப்பட்டு முதல் இழுப்பு நீளும். கத்திரி வெயிலில் மரம் சுருங்க, கார்டு மேலே நெருங்கி முதல் இழுப்பு குறையும், சில நேரம் காணாமலே போகும். அப்படிக் காணாமல் போனதுதான் ஆபத்து: காக்கிங் பீஸைப் பிடித்திருக்கும் சியரின் பிடி மயிரிழையில் நிற்கிறது என்று அர்த்தம். போல்ட்டை வேகமாக மூடும்போது காக் நிற்காமல் முன்னால் போனாலும் இதே சந்தேகம்தான். டம்மி தோட்டாவோடு போல்ட்டைச் சற்று பலமாகப் பலமுறை மூடிப் பாருங்கள். ஒரு முறை வழுக்கினாலும் அந்த ரைஃபிள் திடலுக்குப் போகக் கூடாது.

சியரைத் தீட்டித்தரச் சொல்லி ஆளைத் தேடுவதற்கு முன், கார்டின் திருகுகள் இறுகியிருக்கின்றனவா, முன் திருகில் இருக்க வேண்டிய சிறு குழாய் வளையம் அங்கே இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அந்த வளையம்தான் கார்டுக்கும் உடலுக்கும் இடையே தூரத்தை நிலைநிறுத்துகிறது. பிற்கால நான்காம் நம்பர் இரண்டாம் மார்க்கில் ட்ரிக்கரை உடலிலேயே தொங்கவிட்டு இந்தத் தொல்லையை ஒழித்தார்கள்.

குறி மெல்ல மெல்ல நகர்கிறது

இதுவும் பாதி மரத்தின் கதை. மூன்றாம் மார்க்கில் குழல் முனை வரைக்கும் மரத்துக்குள்ளேயே போகிறது. மரம் ஒரு பக்கம் முறுக்கினால் குழலையும் அந்தப் பக்கம் தள்ளும். சுடச் சுடக் குறி ஒரே திசையில் ஏறிக்கொண்டே போனால் மரம் குழலைத் தொடக் கூடாத இடத்தில் தொடுகிறது.

பின்பக்கம், முன்மரம் முடியும் இடத்தில், தோளில் வைக்கும் பின்கட்டையான பட் மாட்டியிருக்கும் எஃகுக் குவளைக்கும் மரத்துக்கும் நடுவே மெல்லிய இடைவெளி இருக்க வேண்டும். ஒரு விசிட்டிங் கார்டை நுழைத்துப் பாருங்கள். நுழையாமல் மரம் எஃகில் அழுந்தியிருந்தால், உதையைத் தாங்கும் உட்புறத் திட்டுகள் நசுங்கி மரம் பின்னால் நகர்ந்திருக்கிறது. அடுத்து மரம் பிளக்கும். இஷாப்பூர் ரைஃபிள்களில் மேகசினுக்கு முன்னால் மரத்தின் குறுக்கே ஒரு திருகு போட்டிருப்பார்கள். பிளவைத் தடுக்கப் போட்ட நல்ல ஏற்பாடு அது. அசிங்கமாக இருக்கிறதென்று கழற்றாதீர்கள்.

பட் ஆடுகிறது என்று உடனே உள்ளே உள்ள நீண்ட போல்ட்டை முறுக்குகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தப் போல்ட்டின் சதுர முனை முன்மரத்தில் உள்ள ஒரு தகட்டில் பொருந்தியிருக்கிறது. முன்மரத்தைக் கழற்றாமல் போல்ட்டைத் திருப்பினால் சதுர முனை சுழன்று முன்மரத்தைப் பிளந்துவிடும். முதலில் முன்மரம், அப்புறம்தான் பட். நல்ல நிலையில் நூறாண்டு இருந்த மரங்கள் இந்த வரிசை தெரியாமல் பிளந்திருக்கின்றன.

மரத்துக்குப் பூச பச்சை ஆளிவிதை எண்ணெய்தான் சரி, அந்தக் காலத்திலும் அதைத்தான் பூசினார்கள். வார்னிஷ் அடித்தால் ஈரம் உள்ளே மாட்டிக்கொள்ளும்.

துடைத்து வைத்த குழலில் மறுபடி மறுபடி துரு

பழைய .303 தோட்டாக்களின் குமிழில் பொட்டாசியம் குளோரேட் இருக்கும். வெடித்த பிறகு அது பொட்டாசியம் குளோரைடாகக் குழலெங்கும் படியும். சாப்பாட்டு உப்பின் பங்காளி அது. ஈரத்தை இழுத்துத் துருவைக் கிளப்பும். எண்ணெயில் அது கரையாது. எண்ணெய் போட்டுத் துடைக்கத் துடைக்க உப்பு எண்ணெய்க்கு அடியில் பத்திரமாக இருக்கும். தண்ணீரில்தான் கரையும். அந்தக் காலத்து ராணுவத்தில் புனல் வைத்துக் கொதிக்கும் தண்ணீரைச் சேம்பர் பக்கமாக ஊற்றியது அதற்காகத்தான். சுட்ட அன்றைக்கே, போல்ட்டை உருவிவிட்டு, மரத்தில் படாமல் கொதிநீரை ஊற்றுங்கள்; குழலின் சூடே ஈரத்தை உலர்த்திவிடும். பிறகு குழலுக்குள் துணியை இழுக்கும் கயிறான புல்த்ரூவில் உலர்ந்த துணி, அது வெள்ளையாக வரும்வரை. கடைசியாக எண்ணெய்த் துணி ஒன்று. போல்ட்டின் தலைக்கும் கொக்கிக்கும் இதே வைத்தியம், அங்கேயும் உப்பு தெறித்திருக்கும்.

திருவல்லிக்கேணி, ராயபுரம், பெசன்ட் நகர் என்று கடலோரம் வீடு இருந்தால் சுடாத ரைஃபிளிலும் துரு வரும். கான்வாஸ் உறையிலோ தோல் உறையிலோ போட்டுப் பீரோவில் வைப்பது ஈரத்தைக் கட்டிப்போட்டு வைப்பதற்குச் சமம். உறையில்லாமல், பூட்டிய அலமாரியில், சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள். மழைக்காலம் முழுக்க வாரம் ஒரு முறை வெளியே எடுத்து எண்ணெய்த் துணியால் துடையுங்கள்.

தேர்தல் அறிவித்ததும் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைக்கச் சொல்வார்கள். திரும்பக் கைக்கு வர வாரக்கணக்கில் ஆகும். அங்கே யாரும் துடைத்து வைக்கப்போவதில்லை. கொடுப்பதற்கு முன் குழலிலும் சேம்பரிலும் போல்ட்டின் வெளிப்பரப்பிலும் கிரீஸ் தடவி, போல்ட்டின் எண்ணையும் உடலின் எண்ணையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். திரும்ப வாங்கும்போது அங்கேயே, மேசையிலேயே, இரண்டு எண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். வீட்டுக்கு வந்ததும் கிரீஸை முழுக்க வழித்தெடுத்து, சேம்பர் உலர்ந்ததை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் திடலுக்கு எடுத்துப் போக வேண்டும்.